புள்ளியைத் திருப்பிக் கொடு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஊருக்குக் கிளம்பி ஐந்து நாள் ஆகிறது. வயிற்றில் போட்ட தையலை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். பிரிப்பதற்கு முன் கண்ணாடியில் பார்த்தேன். ஏழு தையல். இடைவெளி சீராகவே இல்லை. என் கையாக இருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டிருப்பேன். டாக்டரிடம் சொல்லவில்லை, பயப்படாதே. குடலிறக்கம் இனி எட்டிப் பார்க்காது என்கிறார். இன்னும் ஆறு வாரம் துறைமுகத்தில் கிரேனில் ஏறக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, பலமாகச் சிரிக்கவும் கூடாதாம். கடைசி நிபந்தனை கஷ்டமில்லை. சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூட அலுவலகத்தில் பத்து நாள் லீவு வாங்குவது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு வந்தாய். ஆக்கிப் போட்டாய், துவைத்தாய், தோளைப் பிடித்து நடக்க வைத்தாய். சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் இருப்பதே நீ கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது. இதையெல்லாம் நான் மறக்கவில்லை. இனி எழுதப்போவதைப் படிக்கும்போது நீயும் அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

நேற்று போனில் கேட்டேன், அலமாரி மேல்தட்டில் இருந்த பொம்மை எங்கே என்று. "அதுவா? அத்தானோட மேனேஜர் பொண்ணுக்குப் பிறந்தநாள்டா, எடுத்துட்டு வந்து குடுத்துட்டேன்" என்று சிரித்தாய். அடுத்த மூச்சில் மாத்திரை போட்டாயா என்று கேட்டாய். போட்டேன் என்று மட்டும் சொன்னேன். இதைப் போனில் பேசினால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். நமக்குள் என்றைக்கும் அப்படித்தான். அதனால்தான் காகிதம்.

அவள் பெயர் புள்ளி. மூக்கின் மேலும் கன்னத்திலும் முப்பத்தொரு புள்ளிகள் இருக்கின்றன, அதனால் அந்தப் பெயர். அவள் என்னுடையவள். தயவுசெய்து திருப்பி வாங்கி அனுப்பு.

அன்புடன்,
தம்பி


மார்ச் 9

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்காரி "தம்பிக்கு உடம்பு எப்படி இருக்காம்?" என்று கேட்டாள். "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பத்து நாள் உன் வீட்டில் கிடந்து உழைத்தவளுக்கு ஒரு பத்தியில் நன்றி, ஒரு பொம்மைக்கு ஒரு பத்தியில் வழக்கு. நன்றாக இருக்கிறதடா.

நடந்ததைச் சொல்கிறேன். கிளம்புகிற அன்று காலையில் அத்தான் போன் செய்தார். மேனேஜர் பெண்ணுக்கு ஆறு வயது ஆகிறது, பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வெறுங்கையோடு போக முடியாது, வரும் வழியில் ஏதாவது வாங்கி வா என்றார். எனக்குக் கடைக்குப் போக நேரமில்லை. உன் அலமாரியைத் திறந்தால் வரிசையாகப் பதினான்கு பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன. பதினான்கில் ஒன்று. குழந்தையே இல்லாத வீடு. யார் விளையாடப் போகிறார்கள்? நீ மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனமில்லை. இருப்பதிலேயே அழகாக இருந்ததை எடுத்துக்கொண்டேன். நான் வாங்கியது என்றுதான் அங்கே சொன்னேன்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் பெண்டாட்டி உன்னை விட்டுப் போய் எட்டு வருடம் ஆகிறது. அவள் போனதற்கு அப்புறம்தான் இந்தப் பொம்மைப் பைத்தியம் உனக்குப் பிடித்தது. அந்த முகம் அவளுடைய சாயலா? அப்படியென்றால் சொல், எனக்குப் புரியும். வீட்டில் ஒரு ஆள் இல்லாத குறையைப் பொம்மை தீர்க்காது. எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் ஒருத்தி இருக்கிறாள், நல்ல மாதிரி. நீ ஒரு வார்த்தை சொன்னால் பேசிப் பார்க்கிறேன்.

கொடுத்ததைப் போய்த் திருப்பிக் கேட்பது நடக்கிற காரியமில்லை. அதே மாதிரி வேறொன்று வாங்கிக்கொள். இன்னொன்று, கடித ஓரத்தில் சிரிக்கிற மேகம், கன்னம் சிவந்த ரொட்டி என்றெல்லாம் வரைந்து அனுப்பாதே. அத்தான் பார்த்துவிட்டு, "உன் தம்பிக்கு ஆபரேஷன் வயித்துலதானே?" என்று கேட்டார்.

மாத்திரையை விடாதே.

உன் அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்கா,

மாத்திரை போடுகிறேன். உன் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அதே மாதிரி வேறொன்று வாங்க முடியாது. ஜப்பானில் செய்து வருகிற அந்தப் பொம்மை பெட்டியில் இருக்கும்போது எல்லாம் ஒரே முகம்தான். தலை ஆரஞ்சுப் பழம் அளவு, உடம்பு என் இரண்டு விரல் கனம். பின்தலையில் ஒரு நூல் தொங்கும், இழுத்தால் கண்ணின் நிறம் மாறும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் என் மேஜையில். தலையை மூன்று திருகாணி கழற்றித் திறந்து, பளபளப்புப் போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உதட்டைக் கத்தி முனையில் செதுக்கினேன். ஒரு நாள் கை மயிரிழை அதிகம் போய்விட்டது, அதனால்தான் அவள் இடது பக்கம் கொஞ்சம் ஏளனமாகச் சிரிக்கிறாள். புள்ளிகளை ஒற்றை மயிர்த் தூரிகையில் வைத்தேன். ஒரு புள்ளி வைக்க ஒரு மூச்சு அடக்க வேண்டும். நீ கொடுத்தபோது அவள் போட்டிருந்த நீலக் கோட்டுக்கு நாலு மாதம் ஆயிற்று. உள்துணி வைத்தது. கைகள் என் சுண்டு விரலை விட ஒல்லி, தைத்து முடித்து இடுக்கியை உள்ளே விட்டுத்தான் புரட்ட வேண்டும். பொத்தான் துளை மட்டும் பதினொன்று.

ஜப்பான் தையல் புத்தகங்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். மொழி தெரியாது. 'மாஎ' என்றால் முன்பக்கம், 'சோதெ' என்றால் கை என்று எழுத்தின் உருவத்தை வைத்தே பிடித்துக்கொண்டேன். 'வா' என்று ஓர் எழுத்து ஓரத்தில் இருக்கும். அதற்குத் துணியை மடித்து வெட்டு என்று அர்த்தமாம். அது தெரியாமல் முதல் மூன்று உடுப்பையும் பாதி பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு, ஜப்பானில் எல்லாப் பொம்மையும் முதுகு திறந்துதான் அலையுமா என்று யோசித்தேன்.

இப்போது அந்தச் சாயல் விஷயம். இல்லை அக்கா. புள்ளி யார் சாயலும் இல்லை. விட்டுப் போனவளையும் நினைத்துச் செய்யவில்லை, பிறக்காத பிள்ளையையும் நினைத்துச் செய்யவில்லை. ஒரு துக்கத்தைக் காரணமாகச் சொன்னால் உனக்கும் அத்தானுக்கும் நிம்மதியாக இருக்கும். பாவம் என்று விட்டுவிடுவீர்கள். சொல்ல என்னிடம் துக்கம் இல்லை. 'கவாயி' என்று ஜப்பானில் ஒரு சொல் உண்டு. பார்த்த உடனே கன்னத்தைக் கிள்ளத் தோன்றுகிற அழகுக்கு அப்படிச் சொல்வார்கள். அந்த அழகு எனக்குப் பிடித்திருக்கிறது. அதைக் கையால் செய்வது அதைவிடப் பிடித்திருக்கிறது. அவள் வீட்டில் இருந்த காலத்திலும் பிடிக்கும். அப்போது ஒளித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். நூலகத்துக்காரம்மாவிடம் ஒன்றும் பேசாதே.

குழந்தை கையிலிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு மனசு உண்டு. அதனால் ஒரு பெட்டி அனுப்புகிறேன். உள்ளே சின்னப் பொம்மை ஒன்று, உள்ளங்கை உயரம், கீழே விழுந்தால் உடையாதது, ஆறு வயதுக்கு ஏற்றது. ஒன்பது நாள் உட்கார்ந்து அதற்கு ஏழு உடுப்பு தைத்திருக்கிறேன். இதைக் கொடுத்து அதைக் கேள். யாருடையது, யார் தைத்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

பெட்டி வந்தது. அத்தான் திறந்து பார்த்தார். குட்டிச் சட்டையைக் கட்டை விரலில் மாட்டிப் பார்த்தார். அப்புறம், "இதைத் தூக்கிக்கிட்டு மேனேஜர் வீட்டுப் படி ஏறினே, அப்புறம் நான் ஆபீஸ்ல தலை காட்ட முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவரையும் நீ புரிந்துகொள்ள வேண்டும். பதினாறு வருடம் அந்தக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு இப்போதுதான் மேற்பார்வையாளர் வேலைக்குப் பெயர் போயிருக்கிறது. மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும், சொல்லாவிட்டால் நடக்காது. இந்த நேரத்தில் போய், உங்கள் குழந்தைக்குக் கொடுத்தது எங்கள் வீட்டுப் பொருள் இல்லை, எடுத்து வந்தது என்று சொல்லவா? என்னை என்னவென்று நினைப்பார்கள்?

நியாயம் உன் பக்கம் இல்லை என்று சொல்லவில்லை. அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் நம் வீட்டில் எது யாருடையது என்று என்றைக்குப் பார்த்தோம்? உன் சட்டையை உனக்குத் தெரியாமல்தான் தைத்துக் கொடுப்பேன், உன் பெட்டியை உன்னைக் கேட்காமல்தான் ஒழுங்கு செய்வேன். அது உரிமை என்று நினைத்திருந்தேன். இப்போது திருட்டு என்கிறாய்.

அத்தான் உனக்காகத் தானே கடைக்குப் போய் ஒரு பொம்மை வாங்கி வந்திருக்கிறார். பெரியது, கண் மூடித் திறக்கும். ஒரு ஆண்பிள்ளை கடையில் நின்று பொம்மை கேட்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். அனுப்புகிறேன். இதோடு விடுடா.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்கா,

அத்தான் அனுப்பியது வந்தது. அவர் கடையில் நின்றதை நினைத்துப் பார்த்தேன். மனது இளகத்தான் செய்தது. அவருக்கு என் நன்றியைச் சொல். பொம்மையை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை. இதை வைத்துக்கொண்டால், ஒன்று போய் ஒன்று வந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று ஆகிவிடும். சரியாகவில்லை.

திருட்டு என்று நான் எழுதவே இல்லை. அந்தச் சொல் உன் கடிதத்தில்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் வீட்டில் பழைய கார் ஒன்றைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்து, அதன் விளக்கை நீ கழற்றிக் கொடுத்திருந்தால், அத்தான் என்ன சொல்லியிருப்பார்? "ஐயையோ, உன் தம்பியோடதாச்சே" என்று துள்ளியிருப்பார். பொம்மை என்பதால்தான் அது யாருடையதும் இல்லாமல் போயிற்று.

இனி வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். சண்டைக்கு இல்லை. கேட்பதற்கு.

தம்பி


ஏப்ரல் 1

அக்கா, இன்று மாடிப்படி ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கவில்லை. புள்ளி வரவில்லை.
தம்பி


ஏப்ரல் 8

அக்கா, டாக்டர் பார்த்தார். அடுத்த வாரம் கிரேனில் ஏறலாம் என்றார். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? புள்ளி வரவில்லை.
தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

வாரா வாரம் தபால்காரர் நீட்டுகிறபோதே, "உங்க தம்பிதாங்க" என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். உன் பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லை. இந்தக் கடிதத்தோடு வருகிற பெட்டியை உட்கார்ந்துகொண்டு திற. நின்றுகொண்டு திறக்காதே.

சனிக்கிழமை மத்தியானம் அத்தான் வேலைக்குப் போன பிறகு கிளம்பினேன். அவரிடம் சொல்லவில்லை. உன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு தடவை அந்தத் தெருவைக் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பயந்துதான் அழைப்பு மணியை அழுத்தினேன். தைரியத்தில் இல்லை.

மேனேஜரின் மனைவி நன்றாகத்தான் வரவேற்றார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தது. மடியில் புள்ளி. தம்பி, முடியைக் கத்தரித்துவிட்டிருக்கிறது. ஒரு பக்கம் காதுவரை, ஒரு பக்கம் கழுத்துவரை. கன்னத்தில் நீலப் பேனாவால் கிறுக்கியிருக்கிறது. ஒரு பொம்மைக்காக நான் அப்படி வருந்துவேன் என்று நினைக்கவே இல்லை. அந்தக் கோட்டை நீ நாலு மாதம் தைத்தாய் என்று படித்திருந்தேனே, அது ஞாபகம் வந்தது. ஒரு பொத்தான் இல்லை.

நான் சுற்றி வளைக்கவில்லை. "இதை நான் வாங்கலைங்க. என் தம்பியோடது. அவனைக் கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன். பாப்பாவுக்கு வேற கொண்டு வந்திருக்கேன், இதைத் திருப்பிக் குடுக்கணும்" என்றேன்.

அந்தம்மா முகம் மாறிவிட்டது. "குழந்தை கையிலேர்ந்து பிடுங்கிட்டுப் போக வந்தீங்களா?"

"பிடுங்கலைங்க. கேக்குறேன். முன்னாடி கேக்காம எடுத்தேனே, அதுதான் தப்பாப் போச்சு."

"தம்பிக்குப் பொண்ணு இருக்கா?"

"இல்லைங்க. அவனுக்குத்தான்."

"நாப்பது வயசு ஆம்பளைக்குப் பொம்மையா?"

"நாப்பத்தி மூணு" என்றேன். என் வாய் எப்படி அப்படிப் பேசியதோ தெரியாது. அதோடு நிற்கவும் இல்லை. "துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான். முப்பது டன் பெட்டியை இறக்குற கை. அந்தக் கோட்டு அவன் கையால தைச்சது. அந்தப் புள்ளியெல்லாம் அவன் வச்சது. எண்ணிப் பாருங்க, முப்பத்தொண்ணு இருக்கும்."

அந்தப் பெண் நிஜமாகவே எண்ண ஆரம்பித்துவிட்டது. பதினேழில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, "அந்த மாமாவோடதுன்னா ஏன் நீங்க குடுத்தீங்க?" என்று கேட்டது.

பெட்டியைத் திறந்து காட்டினேன். முதலில் "ரெண்டும் வேணும்" என்றது. எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் ஏழு உடுப்பையும் தரையில் பரப்பி, அந்த மஞ்சள் மழைக்கோட்டைச் சின்னப் பொம்மைக்குப் போட்டுப் பார்த்தது. "மழையில நனையுமா?" என்றது. "நனையாது" என்றேன். உடனே எழுந்து குழாயடிக்கு ஓடிவிட்டது. புள்ளி தரையில் கிடந்தாள். அந்தம்மா தடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நனைந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. நான் அதற்குள் தெருவில் இருந்தேன்.

திங்கட்கிழமை அத்தான் மேனேஜருக்கு வணக்கம் வைத்திருக்கிறார். அவர் பார்க்காத மாதிரி போய்விட்டாராம். வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார், சாப்பிட்டார், படுத்தார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றாலும் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார். செய்ததற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் வீடு வீடாக இல்லை.

உன்னோடு எனக்குக் கோபம் தீரவும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. நானே எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். பத்து நாள் எழுதவில்லை. அதற்கு மேல் முடியவில்லை.

உட்கார்ந்துகொண்டுதான் திறந்தேன். சொன்னது நல்லதாயிற்று. பருவுக்குப் போடுகிற க்ரீமைக் கன்னத்தில் தடவி வெயிலில் வைத்தேன். நீலம் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்தைத் தேய்த்து எடுத்தால் ஒன்பது புள்ளி சேர்ந்து போகும். போகட்டும், மறுபடி வைப்பேன். முடியைப் பிய்த்துவிட்டேன், புதிது நட வேண்டும். இரண்டு மாத வேலை. எனக்கு அதில் வருத்தமில்லை.

உன் கடிதத்தில் ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ ஒரு அந்நிய வீட்டு நடுக்கூடத்தில் நின்று, என் தம்பி பொம்மைக்கு உடுப்பு தைப்பான் என்று சொல்லியிருக்கிறாய். அந்த வாக்கியத்தை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை அக்கா. பதினெட்டு வருடமாகத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். விரலில் ஊசி குத்திய காயத்தைப் பார்த்து யாராவது கேட்டால், கம்பி கிழித்துவிட்டது என்பேன். உள்ளதை உள்ளபடி சொல் என்று உனக்கு எழுதிய அதே கையில்தான் அந்தக் காயம் இருந்தது. நான் செய்யாததை உன்னைச் செய்ய வைத்தேன்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் புள்ளியைத் தலையில் ஒரு கைக்குட்டை கட்டிக் கிரேனுக்குக் கொண்டுபோனேன். கேபினில் என் இருக்கைக்குப் பின்னால், விழாதபடி கட்டி வைத்தேன். கீழே நின்று சைகை காட்டுபவர் வயர்லெஸ்ஸில் கேட்டார்: "மேல உன்கூட யாரு? பின்னாடி தலை தெரியுதே?"

"பொம்மை."

"யாரோடது?"

"என்னோடது. கோட்டு நான் தைச்சது."

அப்புறம், "சரி, பெட்டியை இறக்கு" என்றார். இறக்கினேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தேன். லாரிக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மாப்பிள்ளை பார்த்தாயிற்றா, பெண் என்ன படித்திருக்கிறது என்று கேலி இன்றுவரை ஓயவில்லை. இத்தனை வருடம் சிநேகமாகப் பழகிய ஒருவர் இப்போது வேறு மேஜைக்குப் போய் உட்காருகிறார். அது வலிக்கிறது. மேஸ்திரி மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இது எப்படிடா உள்ளே திரும்பிச்சு?" என்றார். இடுக்கியால் என்று சொன்னேன். "அட" என்றார். அவ்வளவுதான் நடந்தது. சொல்லிவிட்டேன், இனி ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்கு அந்த நிம்மதி போதும்.

உனக்குத்தான் போதாது. உன் வீட்டில் உப்புக்கு எழுந்து போகிற மனிதரிடம் பேச வேண்டியவன் நான். கேட்டது நான், விடாமல் கேட்டதும் நான். அத்தானுடைய பதவிக்கு என்ன ஆகுமோ எனக்குத் தெரியாது. அதை என்னால் திருப்பித் தர முடியாது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதாவது என்னால் முடியும். அவர் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். மன்னிப்பு கேட்க வேண்டியதற்குக் கேட்பேன். பொம்மைக்காகக் கேட்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று நீ எழுதினாலும் அந்தக் கடிதம் வருவதற்குள் நான் ரயிலில் இருப்பேன். புள்ளியும் வருகிறாள். நீ எதற்காக அந்தப் படி ஏறினாய் என்று அத்தான் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

மத்தியானத்துக்குள் வந்துவிடுவோம். இரண்டு பேர். சாப்பாடு ஒருவருக்குப் போதும்.

உன் தம்பி